ஒரு கண் காலில்

அந்தக் காலத்தில், வாயுள்ள பிராணியெல்லாம் பேசித் திரிந்த நாளில், பச்சோந்தியைப் போல ஓடத் தெரிந்த பிராணி காட்டிலேயே கிடையாது. ஓட்டம் மட்டும்தான் தெரியும். முதுகு கூனியிருக்கும், வயிறு கிளையில் உரசும், எந்தக் கால் எங்கே கிடக்கிறது என்று அதற்கே தெரியாது. அதனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது தொப்பென்று விழும்.

மலையடிவாரத்து உசிலை மரத்தில் பூவாயி என்றொரு பச்சோந்தி இருந்தாள். ஒரு நாள் மகள் அரும்பை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடியவள், வழக்கம்போல் விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரும்பின் பின்னங்கால் ஒடிந்துவிட்டது.

இனி ஒருக்காலும் குட்டியைக் கீழே போடக் கூடாது என்று அழுதுகொண்டே, அடுத்த மரத்துத் தேவாங்கிடம் போனாள் பூவாயி. சடையன் என்று பேர் அவனுக்கு. அவன் நடந்தால் இலைகூட அசையாது.

"அண்ணே, எனக்கு ஒழுங்கா நிக்கவும் நடக்கவும் சொல்லிக் குடுங்க."

"நாப்பது நாள் ஆகும் தங்கச்சி. முதல் இருபது நாளு ஒவ்வொரு காலா கவனிக்கணும். ஒண்ணைத் தூக்குனா மூணு பிடிச்சிருக்கணும். அடுத்த இருபது நாளு, கவனிக்காமலே அது தானா வரப் பழகணும். நடுவுல நிறுத்திப்புட்டா ரெண்டுங்கெட்டான்தான், பார்த்துக்க."

தினமும் பொழுது சாய, சடையன் விழித்ததும் பாடம் நடந்தது. பூவாயிக்குத் தன் உடம்பே அடுத்தவர் வீடு மாதிரி இருந்தது. எந்த மூலையில் என்ன இருக்கிறதென்று புரியவில்லை. "வலது தோள் தொங்குது", "வயித்தை எக்கு", "வாலு எங்க போச்சு?" என்று சடையன் சொல்லச் சொல்ல, ஒன்றை நிமிர்த்தினால் இன்னொன்று கோணியது. ஓணான்கள் கூடி நின்று சிரித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். இருபதாம் நாள் முதுகு நிமிர்ந்தது. நாலு காலும் எங்கே இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் காலை, இரை தேடிப் பக்கத்துக் கிளைக்குப் போயிருந்தாள். "அம்மா!" என்று அரும்பு அலறினாள். கொம்பேறி மூக்கன் பாம்பு மரத்தில் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. ஒடிந்த காலோடு குட்டி எங்கே ஓடும்?

பழைய பூவாயியாக இருந்தால் மூன்றே தாவலில் போய் அள்ளியிருப்பாள். இப்போது வலது முன்னங்காலைத் தூக்கினாள். இடது பிடித்திருக்கிறதா? பின்னங்கால்? சந்தேகம் வந்து, தூக்கிய காலைப் பின்னால் இழுத்தாள். மறுபடி தூக்கினாள். ஓடு, ஓடு என்று மனசு அடித்துக்கொண்டது. கால்களோ ஒவ்வொன்றாக யோசித்தன. கண்ணெதிரே பாம்பு குட்டியை விழுங்கிவிட்டு இறங்கிப் போயிற்று. பூவாயி அப்போதுதான் நாலாவது அடி வைத்திருந்தாள். அந்த நாலடியிலும் ஒரு பிசகு இல்லை.

மாலையில் சடையன் வந்து தலைகுனிந்து நின்றான். "மிச்ச இருபது நாளையும் முடிச்சிரு தங்கச்சி. பழைய ஓட்டம் திரும்பி வந்துரும்."

"வந்து யாரைத் தூக்கப் போறேன் அண்ணே?" என்றாள் பூவாயி. "ஓடின காலு அவளைக் கீழே போட்டுச்சு. நடந்த காலு அவளைச் சாகக் குடுத்துச்சு. இதுகளை இனி நான் நம்ப மாட்டேன். என் பார்வையை விட்டு நகர விடமாட்டேன்."

சடையன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் பாடத்துக்குப் போகவே இல்லை.

அன்று முதல்தான் பச்சோந்தி ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் முன்னும் பின்னும் நாலு தரம் ஆடுகிறது. ஒரு கண் தன் காலையே காவல் காத்துக்கொண்டிருக்க, மற்றொரு கண் தனியே சுழன்று சுழன்று, கிளை கிளையாக அரும்பைத் தேடிக்கொண்டிருக்கிறது.