ஓடணும், ஆடக் கூடாது

சூலூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி. அதன் மேனேஜர் தண்டபாணிக்கு எது நின்றாலும் ஆகாது. டீயைக்கூட நடந்துகொண்டே குடிக்கச் சொல்கிற மனுஷன்!

ஒருநாள் ஃபிட்டர் மயிலாத்தாவைக் கூப்பிட்டார்.

"சக்கரம் வெச்ச வேலை மேசை வேணும். ஒத்தை விரல்ல தள்ளினா ஓடணும். நானே ஏறி நின்னாலும் ஆடக் கூடாது. ஆடுச்சு, உனக்கு வாசல்தான்!"

மயிலாத்தா அலுமினியச் சட்டங்களை அளவாக அறுத்தாள். மூலைக்கு மூலை போல்ட் போட்டு முடுக்கி, மறுநாளே மேசையை உருட்டிக்கொண்டு வந்தாள். தண்டபாணி சக்கரத்தைக் காட்டினார்.

"இதென்ன?"

"பிரேக்குங்க சார். மேசை நிக்கிறதுக்கு."

"என் கம்பெனியில எதுக்கு நிக்கணும்? கழட்டு!"

"நீங்க சொன்னாச் சரிங்க."

கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

முதலாளி வந்தார். "பாருங்க, எல்லாம் என் யோசனை!" என்று தண்டபாணி மேசைமேல் தாவி ஏறினார். கழுவின தண்ணீர் வடிய, வாசல் பக்கம் சரிவாகப் போட்ட தரை அது. மேசை கிளம்பிவிட்டது.

"ஏய், நிறுத்து! நிறுத்து!"

மயிலாத்தா கூடவே ஓடினாள். "ஆடுதுங்களா சார்?"

"ஆடலை... ஓடுதே!"

"நீங்க கேட்டதுதானுங்க!"

மேசை கேட்டில் போய் முட்டி நின்றது. ஒரு போல்ட்கூட அசையவில்லை. பின்னால் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மயிலாத்தா பணிவாகக் கையை நீட்டினாள்.

"வாசல் வந்துருச்சுங்க சார். இறங்கிக்கிறீங்களா?"