ஓர் அகப்பை மஞ்சள்

அந்தக் காலத்தில் எலியும் பேசும், அடுப்பில் ஏற்றிய கொப்பரையும் பேசும். அதில் பொய் பேசத் தெரிந்தது எலிக்கு மட்டும்தான்.

ஒரு மஞ்சள் மண்டியில் தவிட்டு நிற எலிகள் குடியிருந்தன. வேறு நிறத்தில் எலி என்று ஒன்று அப்போது உலகத்திலேயே கிடையாது. மண்டிக்காரரின் மனைவி அவற்றில் சிலவற்றைப் பிடித்து, மூங்கில் கூண்டில் விட்டு வளர்த்தாள். ஆசை அறுபது நாள் என்பார்கள்; அவளுக்கு அதுகூட இல்லை. "எல்லாம் ஒரே அழுக்கு நெறம். பூனைக்குப் போட்டுட்டு வேற ஏதாச்சும் வளக்கலாம்" என்றாள்.

அது தவிட்டாயி என்ற பெண் எலியின் காதில் விழுந்தது. அவளும் அவள் அண்ணனும் மஞ்சள் வேகவைக்கும் கொப்பரையிடம் ஓடிப்போய் அழுதார்கள். கொப்பரை மனம் இரங்கி, ஆளுக்கு ஓர் அகப்பை நிறத்தை உடம்புக்குள் ஊற்றியது. கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்லி அனுப்பியது. எச்சரிக்கையைப் பற்றி இருவரும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் கூண்டில் இரண்டு எலிகள் பொன்னாக நின்றன. மண்டிக்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெல்லம் வந்தது, பொட்டுக்கடலை வந்தது. தவிட்டாயி தன் பெயரைப் பவுனாயி என்று மாற்றிக்கொண்டாள். தவிட்டு நிறப் புருஷனைக் கூண்டின் கீழ்த்தட்டுக்கு விரட்டினாள். தனக்கும் அண்ணன் பெண்டாட்டிக்கும் பொன் நிறக் குட்டிகள் பிறந்ததும், இனிமேல் மஞ்சளுக்கு மஞ்சளைத்தான் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டாள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான். இவள் பகலிலும் மடக்கவில்லை.

அண்ணன் ஊதிக்கொண்டே போனான். எவ்வளவு தின்றாலும் பசி, எவ்வளவு குடித்தாலும் தாகம். ஒருநாள் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் சாய்ந்தபடியே செத்துப்போனான். அவன் மகள் கொன்றை நல்ல பொன் நிறம். முறைப்பெண்தானே என்று பவுனாயி அவளைத் தன் மகன் தங்கராசுவுக்குக் கட்டிவைத்தாள். தவிட்டு நிறத்தில் இருந்த கொன்றையின் தாயைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. அவள் மனம் வெறுத்துப்போய், கூண்டை விட்டு வெளியேறி, மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த பொந்தில் குடியேறிவிட்டாள்.

கொன்றை கருவுற்றாள். வயிற்றில் குட்டிகள் நிறைய இருப்பது அவளுக்குத் தெரிந்தது. பிறகு சில அசைவுகள் ஓய்ந்துபோனதும் தெரிந்தது. அவற்றை நினைத்து அவள் யாருக்கும் தெரியாமல் அழுதாள். கடைசியில் பிறந்தவை மூன்றே மூன்று. உடம்பில் முடி முளைத்தபோது இரண்டு பொன்னாக மின்னின, ஒன்று தவிட்டு நிறம்.

பவுனாயி மூக்கைச் சுளித்தாள். "இது ஆரு குட்டி?"

"என்ற குட்டிதானுங்க அத்தெ. உங்க பேரன்."

"என்ற பையன் பவுனு. நீயும் பவுனு. நடுவுல தவிடு எங்கிருந்துடி வந்துச்சு? கீழ்த்தட்டுல எவனோட போனே?"

கொன்றை தங்கராசுவைப் பார்த்தாள். அவன் பொட்டுக்கடலையை மென்றுகொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், இன்னொரு கடலையை எடுத்துக்கொண்டான். அவனை நினைத்தால் சொல்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

"சாயங்காலத்துக்குள்ள அந்தத் தவிட்டைத் தூக்கிக் கீழ போட்டுப்போடு. பூனை பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் பவுனாயி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனாள். அவளும் இப்போது கிண்ணத்தை விட்டு அதிகம் நகருவதில்லை.

கொன்றை கூண்டின் மூங்கில் சந்தில் நுழைந்து வெளியேறி, கொப்பரையிடம் ஓடினாள். தன் வயிற்றில் ஓய்ந்தவற்றைச் சொன்னாள். பிறந்த தவிட்டுக் குட்டியையும் சொன்னாள்.

"உன்ற அத்தைகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னனே கண்ணு, சொல்லலியா?" என்றது கொப்பரை. "ஒவ்வொரு குட்டிக்கும் ஆத்தா ஒரு அகப்பை, அப்பன் ஒரு அகப்பை ஊத்தித்தான் அனுப்பறாங்க. ரெண்டுல ஒண்ணு மஞ்சளா இருந்தா நெறம் வரும். கூடவே பசியும் தாகமும் வரும், ஆயுசு குறையும். அது என்ற சூடு, நான் என்ன பண்ண? ரெண்டுமே மஞ்சளா விழுந்தா பிஞ்சு தாங்காது, வயித்துலயே கருகிரும். மஞ்சளுக்கு மஞ்சள் கட்டாதீங்கன்னு அதனாலதான் சொன்னேன்."

"அப்ப என்ற தவிட்டுக் குட்டி?"

"உனக்குள்ள பாதி உங்காத்தா ஊத்துன தவிடு. உம் புருசனுக்குள்ள பாதி அவங்கப்பன் ஊத்துன தவிடு. ரெண்டு பேரும் அந்தத் தவிட்டையே அதுக்குக் குடுத்துட்டீங்க. என்ற சூடே படாத குட்டி அது. நல்லா இருக்கும், போ."

கொன்றைக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. கூண்டுக்குத் திரும்பியவள் எல்லா எலிகளும் கேட்கும்படி கேட்டாள். "அத்தெ, ரெண்டு பக்கமும் மஞ்சளா இருந்தா குட்டி தாங்காதுன்னு கொப்பரை உங்ககிட்டச் சொல்லுச்சுங்களா, இல்லீங்களா?"

பவுனாயி மீசையைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லுச்சு."

"அப்பறம் ஏனுங்க மறைச்சீங்க?"

"சொன்னா எல்லாரும் பழையபடி தவிட்டுக்காரனைத் தேடிப் போவாங்க. அப்பறம் மேல்தட்டுக்கு என்ன மரியாதை? வயித்துக்குள்ள செத்தது ஆரு கண்ணுக்குத் தெரியப் போகுது? நெறந்தான் தெரியும்."

இதைக் கேட்ட பிறகாவது ஓர் எலி வாய் திறந்திருக்கும் என்று நினைப்பீர்கள். திறந்தார்கள், அடுத்த கடலையைப் போட்டுக்கொள்ள.

கொன்றை அதுவரை அத்தையை மரியாதை குறைத்துப் பேசியதே இல்லை. "என்ற புள்ளைகளத் தின்னுட்டுத்தாண்டி நீ பவுனாயி ஆனே" என்றாள். "கட்டிக்க. மஞ்சளுக்கு மஞ்சளாவே கட்டிக்க. உன் வம்சத்துல ஒவ்வொரு பேறுகாலத்துலயும் தவிட்டுக் குட்டி வந்து பொறக்கும். நீ என்ன சொல்லி மறைக்கறேன்னு பாக்கறேன்."

தவிட்டுக் குட்டியைத் தூக்க யாராவது பாய்வதற்குள், அதைப் பல்லால் கவ்விக்கொண்டு சந்து வழியாக வெளியேறினாள். மூட்டைக்குப் பின்னால் இருந்த தாயிடம் அதை ஒப்படைத்துவிட்டு, மற்ற இரண்டையும் எடுத்துவர ஓடி வந்தாள்.

சந்தில் பவுனாயி மாட்டியிருந்தாள். துரத்தி வந்தவளின் தலை வெளியே, தொப்பை உள்ளே. கொன்றை அவள் காதைக் கடித்தாள், மீசையைப் பிடித்து இழுத்தாள். ஒன்றும் நகரவில்லை. அந்தக் கொழுப்புக்குப் பின்னால் இரண்டு பொன் குட்டிகளும் பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தன. சத்தம் கேட்டு வந்த மண்டிக்காரம்மா பவுனாயியை உள்ளே இழுத்துப் போட்டாள். சந்தை மூங்கில் பத்தை வைத்து அடைத்தாள். கொன்றை மூங்கிலைக் கடித்துக் கடித்துப் பல் உடைந்ததுதான் மிச்சம். அவள் குட்டிகள் இரண்டும் வேறு தாய்களின் பால் குடித்து உள்ளேயே வளர்ந்தன. வெல்லம் தின்று கொழுத்தன. பொன் நிறத்துக்கே வாழ்க்கைப்பட்டன.

அன்று முதல்தான் ஆசைக்கு வளர்க்கும் பொன்னெலிகள் பசி அடங்காமல் ஊதிப்போய், தண்ணீரே கதியென்று கிடந்து சீக்கிரம் சாகின்றன. பொன்னோடு பொன் சேர்ந்த ஈற்றில் சில குட்டிகள் வராமலே போகின்றன, வருகிறவற்றில் தவிட்டு நிறமும் வருகிறது. அதைப் பார்த்துக் கலப்பு என்று முகம் சுளிப்பவர்கள் தேடுகிற சுத்தப் பொன் குட்டி மட்டும் இன்று வரை கண் திறந்ததில்லை.