வளைவுக்கு ஒரு பத்தியம்

பந்தயக் காரோட்டி தீரஜ் மூன்றாம் வளைவில் மறுபடியும் வழுக்கி, டயர்ச் சுவரை உரசிவிட்டு வந்து நின்றான். தவறு எப்போதும் வண்டியுடையது என்பது அவனது சித்தாந்தம்.

“சஸ்பென்ஷன் சரியில்லை மேடம். மதியத்துக்குள்ள வண்டி ரோட்டைப் பிடிக்கலைன்னா இந்த மாரப்பனை வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

அணியின் முதலாளி கோகிலவாணி தலையசைத்தார். மெக்கானிக் மாரப்பன் காருக்கு அடியில் போய், வெகுநேரம் ஸ்பேனரைத் தட்டிவிட்டு வெளியே வந்தான்.

“ஆச்சுங்க சார். ஆனா ஒரு பத்தியம் இருக்குதுங்க. வளைவுக்கு முன்னாலயே பிரேக்கை முடிச்சுக்கோணும். உள்ள போயி மிதிச்சீங்கன்னா, பண்ணுன வேலை அத்தனையும் வீணாப் போயிரும்.”

தீரஜ் சீறிக் கிளம்பினான். மூன்றாம் வளைவு நெருங்கியது. தீரஜ் அதற்கு முன்பே பிரேக்கை மிதித்து முடித்தான். கார் தரையோடு ஒட்டித் திரும்பியது.

“பார்த்தீங்களா மேடம்? கோளாறு ஸ்பிரிங்லதான்!” என்று இறங்கினான் தீரஜ்.

“எதை மாத்துனே மாரப்பா?” என்றார் கோகிலவாணி.

மாரப்பன் காருக்கடியில் டார்ச் அடித்தான். முடுக்கிய நட்டுகள் மேல் காலையில் அவர் கண்ணெதிரே இழுத்த மஞ்சள் பெயின்ட் கோடுகள் தெரிந்தன. நட்டு நகர்ந்தால் கோடு முறிந்துவிடும். ஒன்றுகூட முறியவில்லை.

“வண்டியில எதையும் தொடலைங்கம்மா. டியூன் பண்ணுனது சாரோட வலது காலைத்தானுங்க.”