கட்டாரிக்கு வாழ்க்கைப்பட்ட சொக்கநாச்சி

கும்பினிக்காரர்கள் கப்பம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், மலையடிவாரத்தில் மருதவனம் என்றொரு ஜமீன், அதற்குப் பூலோகராயர் என்றொரு இளம் ராஜா. ஜமீன் உள்ளங்கை அகலம். ராஜாவின் பெருமையோ ஊர் கொள்ளாது. அவருடைய கல்யாணக் கதையைத்தான் சொல்லப்போகிறேன், கேளுங்கள்.

அந்நாளில் ராஜாக்களுக்கு ஒரு வசதி இருந்தது. பெண்வீடு தம்மைவிடச் சிறியதென்றால் மாப்பிள்ளை போகவேண்டாம். இடுப்பில் செருகும் குத்துவாளான கட்டாரியைப் பல்லக்கில் அனுப்பினால் போதும். அதை மணையில் வைத்து, மாப்பிள்ளையின் அக்காள் தாலி முடிந்துவிடுவாள்.

பூலோகராயருக்குப் பேசி முடித்த பெண் சொக்கநாச்சி. அவள் அப்பா நொடித்துப்போன பாளையக்காரர். அவருடைய மூத்த பெண்கள் இருவரும் இப்படிக் கட்டாரிக்குக் கழுத்தை நீட்டியவர்கள்தாம். இன்று அரண்மனைப் பின்கட்டுகளில் கேட்பாரற்றுக் கிடக்கிறார்கள். பாவம், நினைத்தால் எனக்கே வயிறெரிகிறது. தனக்கும் அதே பின்கட்டுதானா என்பதுதான் சொக்கநாச்சியின் கவலை.

மாப்பிள்ளை நேரில் வரவேண்டுமென்று அப்பா ஆள்விட்டார். வேட்டை இருக்கிறதென்று பதில் வந்தது. மறுபடி ஆள்விட்டார். வெயில் ஆகாதென்று பதில் வந்தது. மூன்றாம் முறை பதிலே இல்லை, கட்டாரிதான் வந்தது.

அப்பா கண்கலங்கினார். சொக்கநாச்சி மணையில் உட்கார்ந்தாள். தாலி ஏறியதும் கட்டாரியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அழைத்துப்போகப் பல்லக்கு வந்தது. இடுப்புக் கட்டாரியைத் தொட்டுக் காட்டி, தாலிக்கு உரியவர் இங்கேயே இருக்கும்போது தான் எங்கே வருவது என்று கேட்டு, வெறுமையாகத் திருப்பினாள். பிறகு கட்டாரியைக் கேட்டு மந்திரி வந்தார். கட்டாரிக்கு ஓர் இலை, அவருக்கு ஓர் இலை போட்டு மாப்பிள்ளை விருந்து வைத்தாள். மனிதர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்.

அதற்குள் நவராத்திரி வந்துவிட்டது. ஆயுத பூஜையன்று அந்தப் பரம்பரைக் கட்டாரி இல்லாமல் ராஜா கொலுவில் அமர முடியாது. பட்டத்தைப் பறிக்க அந்த நாளுக்காகவே பங்காளிகள் காத்திருந்தார்கள். வேறு வழியில்லை, பூலோகராயரே வந்து, அந்தச் சிறிய வாசலில் குனிந்து நுழைந்தார். கட்டாரியைக் கேட்டார்.

"தரமாட்டேன்னு சொல்லலை. ஆனா என் அக்காமாரு மாதிரி இரும்போட குடித்தனம் பண்ண என்னால முடியாது. ஊர் பாக்க என் கையைப் பிடிச்சு அழைச்சுக்கிட்டுப் போங்க, கட்டாரி தானே வரும்" என்றாள் சொக்கநாச்சி.

ராஜாவின் முகம் சிவந்தது. வெட்கப்பட்டார், பிறகு தம்மையே நினைத்துச் சிரித்துவிட்டார். ஊரே பார்க்க அவள் கையைப் பிடித்தார்.

தான் போகவேண்டிய இடத்துக்குத் தன் பெருமையை அனுப்புகிறவன், அதை மீட்கக் கடைசியில் தானே போகவேண்டிவரும்.