ரெண்டாந்தடவை கேட்டு வாங்கியது

“தாயே, நாளைக் காலையில எனக்குத் தீட்சை வேண்டாம்,” என்றார் ஒச்சப்பன்.

ஆசிரமத் தோட்டத்தில் கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வடிவாம்பிகை நிமிர்ந்தார். அவர்தான் குரு. ஒச்சப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர்.

ஒச்சப்பன் லாரி ஓட்டியவர். கறி சாப்பிடுவதை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது.

போன வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மகள் சுக்கா வறுத்து வைத்தாள். கறி இல்லப்பா, கறி மாதிரியே பட்டாணியில செஞ்சதுதான் என்று பாக்கெட்டையும் காட்டினாள். நம்பித்தான் வாயில் வைத்தார்.

அதே நார். அதே மிளகு மணம்.

அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

ஆசிரமத்தில் விசாரித்துப் பார்த்தார். செடியிலிருந்து வந்ததுதானே, தோஷமில்லை என்றார் ஒருவர். கறி என்று நினைத்துத் தின்றால் கறிதான் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, எந்தக் கடையில் கிடைக்கிறது என்று கேட்டார்.

மடித்து வைத்திருந்த பாக்கெட்டை ஒச்சப்பன் நீட்டினார். வடிவாம்பிகை நிதானமாக வாசித்தார். பட்டாணிப் புரதம், தேங்காயெண்ணெய், பீட்ரூட் சாறு.

“இதுக்காக எந்த உயிரும் சாகலையே. பிறகென்ன பயம்?”

“ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், தாயே. தட்டை வழிச்சேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்போ இத்தனை வருஷமா நான் எதையுமே விடலையா?”

வடிவாம்பிகை பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் நிஜக் கறி இலைக்கு வந்ததே இல்லையா என்று கேட்டார். கல்யாணம், கிடாவெட்டு என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது வரும், எச்சில் ஊறும், எழுந்து வந்துவிடுவேன் என்றார் ஒச்சப்பன்.

“ஏன் எந்திரிச்சு வந்தீங்க?”

ஒச்சப்பன் தரையைப் பார்த்தார்.

“ஒருக்கா சந்தைக்கு ஆடு ஏத்திட்டுப் போனேன். பின்னால இடமில்லைன்னு ஒரு குட்டியை மட்டும் எம்பக்கத்துல போட்டிருந்தேன். வழி நெடுக என் கையை நக்கிட்டே வந்துச்சு. நானேதான் இறக்கிக் குடுத்தேன்.”

“அது உங்ககிட்ட எதைக் கேட்டுச்சு? தன் உயிரையா, உங்க ருசியையா?”

“உயிரைத்தான், தாயே,” என்றார் ஒச்சப்பன்.

வடிவாம்பிகை தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினார்.

“விடியறதுக்குள்ள குளிச்சிட்டு வந்துருங்க.”