மூளைப் பவளமும் மில் விளக்கும்

கோயம்புத்தூர் நூல் மில் ஒன்றின் கூரையில் ஒரு விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி உருவம். மெஷின் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பேசித் தொண்டை பெருத்துப் போயிருந்தது. ஒருநாள் மில்லை மூடினார்கள். விளக்கு பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தது.

அங்கிருந்து அதை வாங்கி வந்தவள் லேத் பட்டறை நடத்தும் பிரேமலதா. அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. உள்ளே உயிருள்ள பவளங்கள். அவற்றுக்கு வெளிச்சம் காட்டிய வெளிநாட்டு விளக்கு புகைந்து செத்துப்போயிருந்தது. அதே மாதிரி இன்னொன்று வாங்கினால் பட்டறையை அடகு வைக்க வேண்டியதுதான்.

"ஏனம்மிணி, விளக்கு வாங்கறேன்னு போயிட்டு அண்டாவைத் தூக்கிட்டு வர்றே?" என்றார் கணவர் சிவசாமி.

"வெளிச்சம் வெளிச்சம்தானுங்க. பவளம் என்ன, குலம் கோத்திரமா கேக்கப் போகுது?"

பவளம் அதைத்தான் முதலில் கேட்டது. தொட்டிக்கு மூத்தவள் மூளைப் பவளம். உருவம்தான் மூளை, உள்ளே ஒன்றும் கிடையாது.

"யாரது? எந்தக் குடும்பம்?"

"வணக்கமுங்க! நூல் மில்லுங்க!" என்று விளக்கு போட்ட சத்தத்தில் தண்ணீரே அதிர்ந்தது.

"இதற்கு முன் இருந்தவர் சீமைக்காரர். அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்காது."

"இப்போது சுத்தமாகவே விடுவதில்லை" என்றது சங்குக்குள் குடியிருந்த நண்டு.

விளக்கை ஏற்றினார்கள். மில்லில் எரிந்தது போலவே அது முழு மூச்சாக எரிந்தது. பவளங்கள் சுருண்டன.

"ஐயோ, வெளிச்சம்!" என்று அலறினாள் மூளைப் பவளம்.

"பத்தலைங்களா? இதோ, இன்னும் தம் கட்டறேனுங்க!" என்றது விளக்கு. மில்லில் அதன் காதில் விழுந்த குறையெல்லாம் 'வெளிச்சம் பத்தலை' என்பது ஒன்றுதான்.

சில நாளில் பவளங்கள் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்தன. சிவசாமி தொட்டியைப் பார்த்துவிட்டு, "கழட்டி இரும்புக் கடைக்கே போட்டுரு" என்றார்.

அந்தக் கடைச் சம்மட்டியை விளக்கு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறது.

"நான் என்னங்க தப்புப் பண்ணினேன்? முழு மனசா எரிஞ்சேனே!" என்று நண்டிடம் அழுதது.

"அதுதான் தப்பு. இங்கே யாரும் நூல் நூற்கவில்லை. கடலுக்குள் வரும்போது சூரியனே தேய்ந்து, நீலம் பாரித்து, பெட்டிப்பாம்பாகத்தான் வருவான். நீ என்ன அவனுக்கும் மேலா?"

பிரேமலதா அதைக் கழற்றினாள். ஆனால் கடைக்கு அனுப்பவில்லை; மேஜையில் போட்டு வயிற்றைத் திறந்தாள். உள்ளே இருந்த வெள்ளை எல்.இ.டி. மணிகளில் பாதியைப் பிடுங்கினாள். செத்த சீமை விளக்கில் கெடாமல் இருந்த நீல மணிகளை எடுத்து அந்த இடத்தில் ஈயத்தால் பற்ற வைத்தாள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்து, சங்கிலியில் கோத்து உயரமாகத் தொங்கவிட்டாள்.

"இதுதான் கடைசித் தடவை" என்றார் சிவசாமி.

திருகைக் கால்வாசிதான் திருப்பினாள். மங்கலாய் ஒரு நீலம் கசிந்தது. விளக்குக்கு மானம் போயிற்று. 'இதெல்லாம் ஒரு வெளிச்சமா? மில் மேஸ்திரி பார்த்தால் செருப்பைக் கழற்றுவாரே!' தம் கட்டத் துடித்தது. சம்மட்டி நினைவு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடங்கி எரிந்தது.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு சின்னப் பவளம் விரலை நீட்டியது. பிறகு இன்னொன்று. பச்சை, ஆரஞ்சு, கத்தரிப்பூ நிறம் என்று தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பிறந்ததிலிருந்து வெள்ளை நூலை மட்டுமே பார்த்திருந்த விளக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, "அடேங்கப்பா!" என்றது.

சிவசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "லதா, காப்பியை இங்கேயே கொண்டு வா" என்றார்.

சில மாதம் கழித்துத் தொட்டிக்குப் புதிதாக ஒரு மீன் வந்தது. "மேலே தொங்குகிறதே குண்டாக, யார் அது?" என்றது.

"மரியாதையாகப் பேசு!" என்று சீறினாள் மூளைப் பவளம். "மில்லுக்காரக் குடும்பம். கோயம்புத்தூரில் பாதி அவர்களுடையது."

விளக்கு பதறியது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க, நான் அங்கே கூரையில..."

"வாயை மூடிக்கொண்டு எரி" என்றது நண்டு. "குடும்பம் என்றால்தான் மதிப்பாள்; வெளிச்சத்துக்கு மரியாதை கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை."