வேம்பு சொன்ன முதல் பொய்

அந்தக் காலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே சொந்தக்காரர்தான். சூடு நெருப்புக்கு. குளிர்ச்சி ஆற்றுக்கு. பச்சை இலைக்கு, இலைகளுக்கெல்லாம் மூத்தது வேம்பு என்பதால் அந்தச் சொல் வேம்பின் பொறுப்பில் இருந்தது. இன்றைக்குப்போல ஒரே சொல்லை ஆளுக்கு ஆள் எடுத்துப் புழங்குகிற வழக்கமெல்லாம் அப்போது கிடையாது.

காற்றுதான் காவல். விடிந்ததும் கிளம்பி, எதிர்ப்பட்டதையெல்லாம் தொட்டு, "நீ யார்?" என்று கேட்கும். தன் சொல்லைச் சொன்னவரை விட்டுவிட்டு மேலே போகும். சொல் இல்லாததைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்கு யார் மேலும் கோபம் இல்லை, இட்ட வேலை அது. பொய் என்ற ஒன்று உலகத்தில் இன்னும் பிறக்காததால், யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்பும்.

மனிதர்களுக்கு அவரவர் பெயரே சொல். சங்கடமெல்லாம் பிறந்த குழந்தைக்குத்தான். தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை எந்தப் பெயர் வைத்தாலும் அதன்மேல் ஒட்டாது, வழுக்கிவிடும். கதவை அடைத்துச் சந்துபொந்தெல்லாம் மண் பூசி ஒளித்து வைத்தவர்களின் பிள்ளைகள் பிழைத்தன. சிலம்பாயி என்பவளுடைய குடிசையோ வெறும் ஓலை. அவள் பெற்றதையெல்லாம் காற்று கொண்டுபோயிருந்தது.

மறுபடி வலி எடுத்தபோது அந்தக் குடிசைக்குள் போக அவளுக்கு மனம் வரவில்லை. நேரே வேம்பின் அடிக்குப் போனாள். விடியும் வேளையில் அங்கேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். பெற்ற கையோடு மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"தாயே, உன் சொல்லுல கொஞ்சம் எம் பிள்ளைக்குக் குடு."

வேம்பு சிடுசிடுப்பான மரம். "சொல்லு என்ன புளிக்குழம்பா, கொஞ்சம் ஊத்திக் குடுக்க? குடுத்தா குடுத்ததுதான். அப்புறம் என் இலைக்கு யாரு பதில் சொல்றது?"

"இதுவும் போச்சுன்னா நான் எதுக்கு இருக்கேன்?"

"அழாதடி. பெத்த உடம்பு. பேசாம படு," என்று அதட்டியது வேம்பு. அதட்டிவிட்டுக் குனிந்தும் பார்த்தது. ரத்தம் காயாத உடம்பு, இறுக்கி மூடிய கை, ஏறி ஏறி இறங்கும் சின்ன வயிறு. அதன் மூச்சையே வேம்பு பார்த்துக்கொண்டு நின்றது. தன்னிடம் இவ்வளவு மெல்லிய தளிர் ஒன்றுகூட இல்லையே என்று அதற்கு வியப்பாக இருந்தது.

அப்போது காற்று வந்தது. குழந்தையின் நெற்றியைத் தொட்டு, "நீ யார்?" என்றது.

வேம்பு கிளையைத் தாழ்த்திக் குழந்தையை மூடியது.

"பச்சை," என்றது.

"பச்சையா? சிவந்து கிடக்கிறதே?"

"எங்க வீட்டுத் தளிரும் முதல்ல சிவப்புதான். பச்சைன்னா பச்சை. போ."

அதுதான் உலகத்தின் முதல் பொய். சொன்ன மாத்திரத்தில் எல்லாம் அடங்கிப்போனது. ஆறு ஓடாமல் நின்றது. பறந்துகொண்டிருந்த கொக்கு இறக்கையை விரித்தபடி வானத்தில் அப்படியே நின்றது. இல்லாத ஒன்றைச் சொல்லியாகிவிட்டது. அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்குமே தெரியவில்லை. வேம்பின் உச்சியில் ஒரு கொத்து இலை மஞ்சளாகி மெல்லக் கீழே இறங்கியது. அதற்கு முன் எந்த மரமும் இலை உதிர்த்ததில்லை. அது குழந்தையின் மார்பில் விழவும் குழந்தை வீறிட்டு அழவும் சரியாக இருந்தது. காற்று மறுபடி தொட்டுப் பார்த்தது. உண்மையாகவே பச்சைதான்!

"சரி," என்று சிலம்பாயியின் பக்கம் திரும்பியது. பிள்ளை பெற்ற அசதியில் அவள் பெயர் அவளுக்கே மறந்திருந்தது.

"அவளும் பச்சை உடம்பு. தொடாத," என்றது வேம்பு. இன்னொரு கொத்து உதிர்ந்தது.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது பொய்யா? சேதி பரவியதும் சொல் இல்லாததெல்லாம் வேம்படியில் வந்து நின்றது. அடுப்பேறாத தண்ணீர் வந்தது. சூளை காணாத மண் வந்தது. ஆறாத புண்கூட நொண்டி நொண்டி வந்தது. "நீயுமா? வந்து தொலை," என்று திட்டித் திட்டியே வேம்பு எல்லாவற்றுக்கும் கொடுத்தது. பொழுது சாயும்போது அதன்மேல் ஒரு இலை இல்லை.

மறுநாள் காற்று மரத்தின் முன்னால் வந்து நின்றது. "நீ யார்?"

அடுத்தவருக்காகப் பொய் சொன்ன மரம், தனக்காக ஒன்று சொல்லவில்லை. காற்று அதன் தூரைப் பிடித்து அசைத்தது. வேரடி மண் பிளந்தது.

சிலம்பாயி குழந்தையை அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "விடு! அது பச்சை மரம்!"

"பச்சை மரம்," என்றது தண்ணீர். "பச்சை மரம்," என்றது மண். புண்ணும் முனகியபடி அதையே சொன்னது. மொட்டையாக நின்ற மரத்தைக் காட்டி அத்தனை பேரும் கூசாமல் சொன்னார்கள். சொல்லச் சொல்ல, பட்டுப்போன குச்சிகளின் நுனியெல்லாம் விரிந்தன. கிளைக்குக் கிளை தளிர் கிளம்பி வருவதைப் பார்த்து அவர்களுக்கே உடம்பு சிலிர்த்தது. காற்று பிடியை விட்டது. அதற்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றும் கேட்காமல், தளிர்களை ஒருமுறை தடவிவிட்டுப் போனது.

அன்று முதல்தான் வேம்பு ஆண்டுக்கு ஒருமுறை இலையெல்லாம் உதிர்த்து மறுபடி துளிர்க்கிறது. பச்சைக் குழந்தை, பச்சை உடம்பு, பச்சைத் தண்ணீர், பச்சை மண், பச்சைப் புண் என்று இத்தனை பேர் ஒரே சொல்லில் பிழைப்பதும், பொய்யிலே பெரிய பொய்யைப் பச்சைப் பொய் என்பதும் அன்று முதல்தான். பிள்ளை பிறந்த வீட்டு நிலையில் வேப்பிலை செருகுகிறோமே, அதுவும் அன்று முதல்தான். காற்று வந்து, "உள்ளே யார்?" என்று அந்த இலையைக் கேட்கிறது; அது சொல்லும் பதிலை நம்பியதாகக் காட்டிக்கொண்டு திரும்பிப் போகிறது.